லினக்ஸில் வைஃபை எந்தப் படியில் நின்றது?

“வைஃபை வேலை செய்யவில்லை” என்று சொல்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கோளாறு இருப்பதில்லை. ஒருவருக்கு வைஃபை ஐகானையே காணோம். இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டு நெட்வொர்க் எல்லாம் தெரிகிறது, சொந்த வீட்டுடையது மட்டும் தெரியவில்லை. வேறொருவரிடம் கணினி பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. சிலருக்கு ‘இணைந்தது’ என்று காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. இந்த நான்கும் நான்கு வெவ்வேறு இடங்களில் நடக்கும் சிக்கல்கள். முதலாமவருக்குக் கைகொடுத்த தீர்வு நான்காமவருக்கு எந்தப் பயனும் தராது.

ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறோம்? தேடலில் முதலில் வரும் பக்கத்திலிருந்து ஒரு கட்டளையை எடுத்து டெர்மினலில் ஒட்டுகிறோம். வரவில்லை என்றால் அடுத்த பக்கம், அடுத்த கட்டளை. இப்படி ஒட்டிய ஒவ்வொன்றும் கணினியில் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டுப் போகிறது. பழைய டிரைவர் நீங்குகிறது, ஒரு கோப்பில் வரி சேர்கிறது, ஏதோ ஒரு சேவை நின்றுபோகிறது. மாலைக்குள் முதலில் இருந்த சிக்கலோடு இன்னும் மூன்று சேர்ந்திருக்கும். அப்புறம் யார் உதவிக்கு வந்தாலும் எது மூலக்காரணம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: எதையும் மாற்றுவதற்கு முன்னால், இணைப்பு எதுவரை வந்து நின்றது என்று பாருங்கள்.

வைஃபை இணைப்பு படிப்படியாக உருவாகிறது. முதலில் கணினி வைஃபை அட்டையை அடையாளம் காண வேண்டும். அந்த அட்டைக்கான டிரைவர் (அட்டையை இயக்கும் நிரல்) ஏற வேண்டும், டிரைவர் தனக்கு வேண்டிய ஃபர்ம்வேரை (அட்டைக்குள்ளேயே ஓடும் நிரல்) கண்டுபிடிக்க வேண்டும். ரேடியோ அணைக்கப்படாமல் இருக்க வேண்டும். சுற்றியுள்ள நெட்வொர்க்குகள் காதில் விழ வேண்டும். பாஸ்வேர்டு ஒத்துப்போக வேண்டும். ரவுட்டர் ஒரு ஐபி முகவரி கொடுக்க வேண்டும். வெளியே போகும் வழி தெரிய வேண்டும். கடைசியாக, இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும். ஒரு படி நின்றால் அதற்கு மேலுள்ள எல்லாமே நின்றுவிடும். ஐபி முகவரியே வராத கணினியில் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

இங்கே உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற டெஸ்க்டாப்புகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இவை பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் மூலமே வைஃபையைக் கையாளுகின்றன. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நான் இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விட்டு எழுதுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

டெர்மினலைத் திறந்து ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்’ என்று கொடுங்கள். இது எதையும் மாற்றாது, நிலைமையை மட்டும் சொல்லும். கணினியிலுள்ள நெட்வொர்க் கருவிகளின் பெயர், வகை, நிலை ஆகியவை ஒரு சிறு பட்டியலாக வரும். வகை என்ற இடத்தில் ‘வைஃபை’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பெயர் பெரும்பாலும் டபிள்யூஎல் என்ற எழுத்துகளில் தொடங்கும். அட்டை எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள் அதைத் தொடர்ந்து வரும்.

வைஃபை வரியே இல்லையென்றால் சிக்கல் அடிமட்டத்தில் இருக்கிறது: அட்டையோ டிரைவரோ ஃபர்ம்வேரோ. வரி இருந்து, நிலை ‘அன்அவைலபிள்’ என்றிருந்தால் பெரும்பாலும் ரேடியோ அணைக்கப்பட்டிருக்கும், அல்லது அட்டை சரியாக எழுந்து வரவில்லை. ‘டிஸ்கனெக்டெட்’ என்றிருந்தால் அது நல்ல செய்தி. அட்டையும் டிரைவரும் தயார், எந்த நெட்வொர்க்கிலும் சேரவில்லை, அவ்வளவுதான். ‘கனெக்டெட்’ என்று வந்தும் நெட் இல்லையென்றால் டிரைவரைத் தொடவே தொடாதீர்கள். சிக்கல் மேல்படிகளில் இருக்கிறது.

‘அன்மேனேஜ்டு’ என்று ஒன்றும் வரக்கூடும். அந்த அட்டையை நெட்வொர்க்மேனேஜர் கவனிக்காமல் வேறு யாரிடமோ விட்டிருக்கிறது என்று பொருள். டெபியனில் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. டெஸ்க்டாப் இல்லாமல், வைஃபை வழியாகவே நிறுவியிருந்தால், நிறுவி அந்த இணைப்பின் விவரத்தை ஈடிசி அடைவுக்குள் நெட்வொர்க் என்ற அடைவிலுள்ள இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிவிடும். பின்னால் டெஸ்க்டாப்பைச் சேர்த்தாலும், அந்தக் கோப்பில் பெயர் இருக்கும் அட்டையை நெட்வொர்க்மேனேஜர் தொடாது. கோப்பைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, அதில் வைஃபை அட்டை பற்றிய வரிகளை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும்.

அட்டை கண்ணில் படுகிறதா?

மடிக்கணினிக்கு உள்ளேயே இருக்கும் அட்டைக்கு ‘எல்எஸ்பிசிஐ’, யூஎஸ்பியில் செருகும் அடாப்டருக்கு ‘எல்எஸ்யூஎஸ்பி’. முதல் கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு, இரண்டு ‘என்’, ஒரு ‘கே’ சேர்த்துக் கொடுங்கள். வைஃபை அட்டையின் வரியில் சதுர அடைப்புக்குள் நான்கு நான்கு எழுத்துகளாக ஓர் அடையாள எண் தெரியும். முதல் நான்கும் தயாரிப்பாளரைக் குறிக்கும்: 8086 என்றால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதெராஸ், 14சி3 என்றால் மீடியாடெக். உதவி தேடும்போது மடிக்கணினியின் மாடலை விட இந்த எண்தான் முக்கியம். ஒரே மாடலில் வெவ்வேறு அட்டைகள் வருவது சாதாரணம். ஆனால் இந்த எண் சரியான சிப்பை நோக்கி உங்களைக் கொண்டுபோகும்.

அதே வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒன்று இருந்தால், டிரைவர் ஏறியிருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் ஏறவில்லை.

பட்டியலில் அட்டையே இல்லையா? அதை பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில், அணைத்து வைத்திருக்கலாம். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் கணினி என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மீது சந்தேகப்படுங்கள். அது ஷட்டவுன் கொடுத்தாலும் கணினியை முழுமையாக அணைக்காது, பாதி உறக்கத்தில் வைக்கும். அந்த நிலையில் விடப்பட்ட அட்டையை லினக்ஸால் சில நேரம் எழுப்ப முடிவதில்லை. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒரு முறை முழுமையாக அணைத்து எடுத்துப் பாருங்கள்.

யூஎஸ்பி அடாப்டர்களில் வேறொரு விசித்திரம் உண்டு. சில ரியல்டெக் அடாப்டர்கள் செருகியதும் தங்களை வைஃபை அட்டை என்று சொல்லாமல், விண்டோஸ் டிரைவர் அடங்கிய ஒரு சிடி என்று சொல்லிக்கொள்ளும். எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண் தெரிந்தால் அதுதான் நடக்கிறது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சிறு மென்பொருள் அதை உண்மை வடிவத்துக்கு மாற்றும். சில நேரம் அந்த சிடியை ‘எஜெக்ட்’ செய்தாலே மாறிவிடும்.

டிரைவரும் ஃபர்ம்வேரும்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். டிரைவர் என்பது கெர்னலின், அதாவது லினக்ஸின் மைய நிரலின், ஒரு பகுதி. உங்கள் கணினியின் பிராசசரில் ஓடுகிறது. ஃபர்ம்வேர் என்பது வைஃபை சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல். பல அட்டைகள் அதை நிரந்தரமாகச் சேமித்து வைப்பதில்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அந்தக் கோப்பை வட்டிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்றுகிறது. டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் அட்டை உயிரில்லாமல் கிடக்கும்.

அப்படியானால் ஏன் எல்லா லினக்ஸிலும் எல்லா ஃபர்ம்வேரும் சேர்ந்து வருவதில்லை? பெரும்பாலான ஃபர்ம்வேருக்கு மூலநிரல் வெளியிடப்படவில்லை. பகிர்ந்துகொள்ளும் உரிமமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. டெபியன் பல ஆண்டுகள் இத்தகைய கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. 2022-ல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன. சுதந்திர மென்பொருள் கொள்கையில் எனக்குப் பற்று உண்டு. ஆனாலும் நெட் வரவழைக்கத் தேவையான கோப்பை நெட்டிலிருந்து இறக்கிக்கொள் என்று புதியவரிடம் சொல்லும் நிலைமை மாறியது நல்லதுதான்.

பிராட்காம் சிப்புகளின் கதை இன்னும் நீளம். நிறுவனம் விவரம் தராததால், ஆர்வலர்கள் அந்தச் சிப்பின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து ஒரு டிரைவரை உருவாக்கினார்கள்; 2006-ல் அது கெர்னலில் சேர்ந்தது. ஃபர்ம்வேரைப் பகிர அனுமதி இல்லாததால், பிராட்காமின் சொந்த டிரைவருக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுக்கத் தனிக் கருவியே எழுத வேண்டியிருந்தது. 2010-ல்தான் பிராட்காம் சில சிப்புகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது. பழைய மடிக்கணினிகளில் இன்றும் பிராட்காம் அட்டை தொந்தரவு கொடுப்பதற்கு இந்த வரலாறே காரணம். உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’, மின்டில் ‘டிரைவர் மேனேஜர்’ என்ற சாளரத்தைத் திறந்தால் உங்கள் அட்டைக்குப் பொருந்தும் டிரைவரை அதுவே காட்டும். இணையத்தில் கிடைக்கும் நிரலை நீங்களே தொகுக்க (கம்பைல் செய்ய) போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

என்ன நடந்தது என்பதைக் கெர்னலே எழுதி வைத்திருக்கும். ‘சூடோ டிமெசெஜ்’ (எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, டி-எம்-இ-எஸ்-ஜி) என்று கொடுத்தால் அந்தக் குறிப்பேடு முழுவதும் வரும். அதில் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஏற்றுவது தோற்றது, பிழை எண் -2 என்று ஒரு வரி இருந்தால், அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்று அர்த்தம். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பையும், டெபியனில் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ஃபர்ம்வேர்-ரியல்டெக் போன்ற தனித்தனித் தொகுப்புகளையும் நிறுவ வேண்டும்.

இன்டெல் அட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல் டிரைவர் மிகப் புதிய ஃபர்ம்வேரை முதலில் தேடும், இல்லையென்றால் அதற்கு முந்தையது, அதுவும் இல்லையென்றால் இன்னும் முந்தையது என்று இறங்கிக்கொண்டே வரும். அதனால் நன்றாக ஓடும் கணினியிலும் ‘ஏற்றுவது தோற்றது’ என்று சில வரிகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ‘லோடெட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று ஒரு வரி இருந்தால் ஃபர்ம்வேர் கிடைத்துவிட்டது. மேலே உள்ள தோல்வி வரிகளை நகலெடுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

நெட் இல்லாத கணினிக்கு இந்தத் தொகுப்புகளை எப்படி இறக்குவது? கையிலுள்ள ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் வேண்டாம்.

நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு போய்விட்டது என்றால் அது வேறு விஷயம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் அட்டையில் குறையில்லை. புதிய கெர்னலுக்கு டிரைவர் தயாராகவில்லை. தனியாகத் தொகுத்து நிறுவிய டிரைவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஒவ்வொரு கெர்னலுக்கும் அவற்றைப் புதிதாகத் தொகுக்க வேண்டியிருப்பதால்.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு தடை. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. அத்தகைய டிரைவரை நிறுவும்போது உபுண்டு ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, சாவியைப் பதிவு செய்யவா என்று கேட்கும். புரியாமல் அதைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

ரேடியோ அணைந்திருக்கிறதா?

‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘சாஃப்ட் பிளாக்டு’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ என்றிருந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது. ஏர்ப்ளேன் மோடை நிறுத்துங்கள், அல்லது ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ என்று கொடுங்கள். ‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்றால் கட்டளையால் ஆகாது. மடிக்கணினியின் பக்கவாட்டு சுவிட்சையோ, எஃப்என் விசையோடு வரும் வைஃபை பொத்தானையோ தேட வேண்டும். சில லெனோவோ ஐடியாபேட்களில் அப்படி ஒரு சுவிட்சே இல்லாமல், அணைந்திருப்பதாகத் தவறாகக் காட்டிய வழக்கு உண்டு. அங்கே ஐடியாபேட்-லேப்டாப் என்ற கெர்னல் மாட்யூலை நீக்கினால் சரியாகும்.

சொந்த நெட்வொர்க் மட்டும் தெரியவில்லை

‘என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்’ சுற்றியுள்ள நெட்வொர்க்குகளைச் சேனல், சிக்னல், பாதுகாப்பு முறை ஆகியவற்றோடு காட்டும். மற்றவை தெரிந்து உங்களுடையது மட்டும் இல்லையென்றால் முதலில் அலைவரிசையைப் பாருங்கள். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த மலிவான அட்டைக்கு அது இல்லாததுபோலத்தான்.

அடுத்தது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 ஆகிய சேனல்களை அமெரிக்காவில் வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை; மற்ற பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அட்டைக்குத் தெரியாவிட்டால் அது பொதுவான, இறுக்கமான விதிகளைப் பின்பற்றும். ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ என்று கொடுத்தால் எந்த நாட்டு விதி நடப்பில் இருக்கிறது என்று தெரியும். 00 என்று வந்தால் நாடு தெரியாத நிலை. ரவுட்டர் தானாகவே 13-ஆம் சேனலுக்குப் போயிருந்தால், ஃபோனில் தெரியும் நெட்வொர்க் கணினியில் தெரியாமல் போகலாம். ரவுட்டர் அமைப்பில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலைநிறுத்துவதே எளிய தீர்வு. ஒன்றன் மேல் ஒன்று படியாத சேனல்கள் இவைதான் என்பதால் வேகத்துக்கும் நல்லது.

எல்லா நெட்வொர்க்குகளுமே மிக மங்கலாகத் தெரிகின்றனவா, ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வருகிறதா? அட்டை ஆர்டிஎல்8723பிஇ என்ற ரியல்டெக் சிப் என்றால் காரணம் கிட்டத்தட்ட தெரிந்ததுதான். சில மடிக்கணினிகளில் இந்த அட்டையின் இரண்டு ஆன்டெனா முனைகளில் ஒன்றில் மட்டுமே கம்பி பொருத்தியிருப்பார்கள். டிரைவர் மற்ற முனையில் கேட்டுக்கொண்டிருக்கும். ‘ஆன்ட்-செல்’ என்ற டிரைவர் விருப்பத்தை 1 அல்லது 2 என்று மாற்றி வைத்தால் சிக்னல் ஒரேயடியாக உயரும். டைப் செய்யும்போது ஆன்ட், செல் இரண்டுக்கும் நடுவில் அடிக்கோடு வர வேண்டும்.

பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது

பாஸ்வேர்டு தவறு என்று நினைப்பதே இயல்பு. முதலில் அதையே சரிபாருங்கள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. அது சரியென்றால், ஏற்கெனவே சேமித்த இணைப்பை முழுமையாக நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ரவுட்டரை மாற்றியபின் அதே பெயரை வைத்திருந்தால், பழைய பாதுகாப்பு அமைப்பு சேமிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்போதும் வரவில்லையென்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய அட்டைகள் தடுமாறும். டபிள்யூபிஏ2-க்கு மாற்றிச் சோதித்தால் ஐயம் தீரும். அலுவலகம், விடுதி போன்ற இடங்களில் பதிவு செய்த மேக் முகவரிக்கு (ஒவ்வொரு அட்டைக்கும் உரிய அடையாள எண்) மட்டுமே அனுமதி இருக்கலாம். அங்கே கணினி மாற்று மேக் முகவரியைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். அந்த இணைப்புக்கு மட்டும் ‘குளோன்டு மேக் முகவரி’ என்பதில் ‘பெர்மனென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் நெட் இல்லை

இங்கே நான்கு சிறு கேள்விகள் போதும். வரிசை மாறாமல் கேட்க வேண்டும்.

முதலாவது, முகவரி வந்ததா? ‘ஐபி ஏ’ என்று கொடுத்து வைஃபை அட்டைக்குக் கீழே பாருங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி இருந்தால் ரவுட்டர் கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் யாரும் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்; ஃபோனுக்கும் வரவில்லையென்றால் சிக்கல் லினக்ஸில் இல்லை.

இரண்டாவது, ரவுட்டரைத் தொட முடிகிறதா? ‘ஐபி ரூட்’ (ரூட் என்பது ஆர்-ஓ-யூ-டி-இ) என்று கொடுத்தால் ‘டீஃபால்ட் வயா’ என்பதற்குப் பிறகு ஒரு முகவரி வரும். அதுதான் வெளியே போகும் வாசல், பெரும்பாலும் உங்கள் ரவுட்டர். ‘பிங்’ என்று போட்டு அந்த முகவரியைக் கொடுங்கள். நிறுத்த கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துங்கள். பதில் வந்தால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே குறையில்லை.

இதே பட்டியலில் ‘டீஃபால்ட்’ வரி இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்வொர்க் கேபிளும் வைஃபையும் ஒன்றாக இருந்தால் அப்படி வரும். ஒவ்வொரு வரியிலும் ‘மெட்ரிக்’ என்று ஓர் எண் இருக்கும், சிறிய எண்ணுக்கே முதலிடம். நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கும். நெட் இல்லாத ஒரு சுவிட்சில் கேபிள் செருகியிருந்தால், நல்ல வைஃபை இருந்தும் எல்லாம் கேபிள் வழியாகப் போக முயன்று செத்துப்போகும். கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

மூன்றாவது, வெளி உலகம் எட்டுகிறதா? ‘பிங் 8.8.8.8’ கொடுங்கள். இது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. பெயர் இல்லாமல் வெறும் எண்ணை நேரடியாகத் தொடுவதால் நம் சோதனைக்குச் சரியாக இருக்கும். ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லவில்லையென்றால், சிக்கல் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை. இணைப்பு தந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நான்காவது, பெயர் வேலை செய்கிறதா? எண்ணுக்குப் பதில் வந்து, ஓர் இணையதளப் பெயருக்கு பிங் கொடுத்தால் ‘பெயர் தெரியவில்லை’ என்கிற மாதிரி வந்தால், குறை டிஎன்எஸ்ஸில். வைஃபை அமைப்பில் அந்த இணைப்பைத் திறந்து, ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை நிறுத்தி 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கொடுத்து, இணைப்பை ஒரு முறை துண்டித்துச் சேருங்கள். விபிஎன் மென்பொருள் ஒன்றை நிறுவியிருந்தால் அதையும் விசாரியுங்கள். சில விபிஎன்கள் துண்டித்த பிறகும் டிஎன்எஸ்ஸையோ ஃபயர்வாலையோ தங்கள் பிடியில் வைத்திருக்கும்.

நான்கும் சரி, ஆனால் பிரவுசர் மட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறதா? கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் எதுவும் செல்லாது. ரயில் நிலையம், ஹோட்டல் போன்ற இடங்களில் ஓடிபி கேட்கும் பக்கம் தானாக வராவிட்டால், டிஎன்எஸ்ஸைப் பழையபடி ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கி, விபிஎன்னை நிறுத்திவிட்டு, எச்டிடிபி-யில் (எச்டிடிபிஎஸ் அல்ல) தொடங்கும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே நம்மை அவர்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வேலையில் அவர்களுடைய டிஎன்எஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

அறுந்து அறுந்து வருகிறது

பொறுமையை அதிகம் சோதிப்பது இதுதான். நான் முதலில் பார்ப்பது மின்சேமிப்பு. பேட்டரியை மிச்சம் பிடிக்க அட்டை இடையிடையே உறங்கும். சில அட்டைகள் உறக்கத்திலிருந்து சரியாக எழுவதில்லை. உபுண்டுவில் ஈடிசி அடைவுக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்ற அடைவு இருக்கிறது. அங்கே மின்சேமிப்புக்கென உள்ள கோப்பில் ‘வைஃபை.பவர்சேவ் = 3’ என்று எழுதியிருக்கும். 3 என்றால் சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. எண்ணை மாற்றி, நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதே நாளில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். இல்லையென்றால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

யூஎஸ்பி 3 ஹார்டுடிஸ்க் செருகும்போது மட்டும் வைஃபை தடுமாறினால் அது கற்பனை அல்ல. யூஎஸ்பி 3 கேபிளும் கருவியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெலே 2012-ல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. அடாப்டரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

அறுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ‘ஜர்னல்சிடிஎல் -பி -யூ நெட்வொர்க்மேனேஜர்’ என்று கொடுத்து அந்த நேரத்து வரிகளைப் படியுங்கள். இந்தப் பெயரில் மட்டும் ‘என்’, ‘எம்’ இரண்டும் பெரிய எழுத்து. ஒவ்வொரு முறையும் ஒரே செய்தி வந்தால், தேட வேண்டிய சொற்கள் அவைதான்.

இவ்வளவுக்கும் பிறகு, உங்கள் அட்டைக்கு லினக்ஸில் நல்ல டிரைவரே இல்லை என்று தெரிய வந்தால், அதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டாமல் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. பெட்டியில் ‘லினக்ஸ் சப்போர்ட்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். பழைய கெர்னலுக்கான ஒரு நிரல் தொகுப்பை மட்டும் கொடுத்துவிட்டு அப்படி எழுதுவார்கள். எந்தச் சிப் என்று பாருங்கள், அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்று தேடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போதுமென்றால் ஏதெராஸ் ஏஆர்9271 பழையது, ஆனால் நம்பகமானது. அதன் ஃபர்ம்வேர்கூடத் திறமூலம். 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ. ரியல்டெக்கில் ஆர்டிஎல்8821சியூ போன்ற சில சிப்புகளுக்குக் கெர்னல் 6.2 முதல் டிரைவர் உள்ளேயே வருகிறது. ஆகவே வாங்கும் முன் ‘யூநேம் -ஆர்’ கொடுத்து உங்கள் கெர்னல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.